ஷிபா ரியோதாரோ நினைவகம்: கைக்கு எட்டாத இருபதாயிரம் புத்தகங்கள்

ஒசாகாவின் நம்பாவில் கிந்தெத்சு நிறுவனத்தின் நாரா தடத்தில் சாதாரண வண்டியைப் பிடித்தால், சிறிது நேரத்தில் யாயெனோசாத்தோ என்ற நிலையம் வரும். விரைவு வண்டிகள் அங்கே நிற்பதில்லை. இறங்கி எட்டு நிமிடம் நடக்க வேண்டும். ஹிகாஷி ஒசாகா, சிறு பட்டறைகளுக்குப் பெயர்போன ஊர். திருகாணியும் இயந்திர உதிரிபாகமும் செய்கிறவர்கள் வாழும் தெருக்களின் வழியே நடந்து ஓர் எழுத்தாளரின் நினைவகத்துக்குப் போகிறோம் என்ற எண்ணம் எளிதில் வராது. பெரிய வாயிலோ சிலையோ எதிர்பார்த்துப் போகிறவர் ஒருமுறை தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வர வேண்டியிருக்கும். இருபதாம் நூற்றாண்டு ஜப்பானில் மிக அதிகமாகப் படிக்கப்பட்ட வரலாற்று நாவலாசிரியர்களுள் ஒருவரான ஷிபா ரியோதாரோ, பதிப்பகங்களும் பத்திரிகைகளும் குவிந்திருந்த டோக்கியோவுக்குக் குடிபெயராமல், 1964 முதல் 1996இல் இறக்கும்வரை இந்த ஊரிலேயே இருந்து எழுதினார். அவருடைய வீட்டையும் அதை ஒட்டிய நிலத்தில் கட்டடக் கலைஞர் தடாவோ ஆண்டோ வடிவமைத்த கட்டடத்தையும் சேர்த்து 2001 நவம்பர் 1ஆம் தேதி இந்த நினைவகத்தைத் திறந்தார்கள்.

நுழைவுச் சீட்டு வாங்கியதும் நம்மைக் கட்டடத்துக்குள் விடுவதில்லை; முதலில் தோட்டத்தைச் சுற்றி வர வேண்டும். ஜப்பானியத் தோட்டம் என்றதும் நினைவுக்கு வரும் கத்தரித்த பைன் மரமும் கோடு கோடாக வாரிய வெண்மணலும் இங்கே இல்லை. ஊரோரத்தில் விறகுக்கும் கரிக்கும் வளர்க்கும் கலப்புக் காட்டு மரங்கள்தான் இருக்கின்றன. அவற்றின் அடியில் யாரும் நட்டது போலத் தோன்றாத புல்லும் சிறுபூக்களும். ஷிபாவுக்கு இத்தகைய தோப்புதான் பிடித்திருந்தது. நடைபாதை வளைந்து வீட்டின் பக்கவாட்டுக்குப் போகிறது; அங்கே ஒரு பெரிய கண்ணாடிச் சன்னலுக்கு அப்பால் அவருடைய எழுத்தறை தெரிகிறது. உள்ளே போக முடியாது. அவர் இறந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். அப்போது எழுதிக்கொண்டிருந்த பயணத் தொடரின் பகுதிக்காக, ஓவாரி, மிக்காவா என்ற பழைய ஜப்பானிய மாகாணங்களைப் பற்றி எடுத்து வைத்த நூல்கள் கைக்கெட்டும் தொலைவில் இருக்கின்றன. எழுத்தாளர்களின் நினைவில்லங்களில் மேசையைத் துடைத்துப் பேனாவை நேராக்கி, சொந்தக்காரர் ஒருநாளும் வாழாத ஒழுங்கை உண்டாக்கிவிடுவது பொதுவான வழக்கம். இந்த அறைக்கு அது நேரவில்லை. வேலையைப் பாதியில் விட்டுவிட்டு ஒருவர் எழுந்து போன இடம் போல இருக்கிறது. என் கணிப்பில் நினைவகம் முழுவதிலும் மிகச் சிறந்த காட்சிப்பொருள் இதுதான். அவசரப்பட்டு இதைத் தாண்டிப் போகக் கூடாது.

அங்கிருந்து கண்ணாடிச் சுவரோடு வளையும் ஒரு நடைகூடம் கட்டடத்துக்குள் இட்டுச் செல்கிறது. ஆண்டோவின் மற்றக் கட்டடங்களைப் பார்த்தவர்களுக்குப் பழக்கமான, பூச்சில்லாத வெற்றுக் கான்கிரீட். ஆனால் உள்ளே நுழைந்ததும் கான்கிரீட்டை மறந்துவிடுகிறோம். நிலவறைத் தளத்திலிருந்து மேல்தளக் கூரைவரை, மூன்று மாடி உயரத்துக்கு, 11 மீட்டருக்கு எழும் மர அலமாரிகள் சுவர்களை முழுமையாக மூடியிருக்கின்றன. அவற்றில் 20,000க்கும் மேற்பட்ட நூல்கள். ஷிபாவின் வீட்டில் ஏறத்தாழ 60,000 நூல்கள் இருந்தன. அந்தப் பெருக்கத்தை ஒரே பார்வையில் உணர்த்துவதற்காகவே இந்த அறை. ஒளி குறைவு. எதிரே வெவ்வேறு அளவும் தன்மையும் கொண்ட நிறமற்ற கண்ணாடித் துண்டுகளால் ஆன ஒரு சன்னல் வழியாக மட்டும் பகல் வெளிச்சம் சிதறி விழுகிறது. வட்டார வரலாறுகள், குலவரலாறுகள், போர் ஆவணத் தொகுதிகள், அகராதிகள் என்று முதுகுகளைப் படித்துக்கொண்டே போனால் கழுத்து வலிக்கும்.

இந்தப் புத்தகங்களில் ஒன்றையும் எடுக்க முடியாது. ஏணி இல்லை, கை எட்டும் உயரத்தில் இருப்பவையும் பார்ப்பதற்கு மட்டுமே. முதலில் எனக்கு இது உறுத்தியது. வாசகனை எட்ட நிறுத்துகிற நூலகம் நூலகமா, அல்லது கோபுரத்தைப் போல அண்ணாந்து பார்க்கச் செய்த ஒரு கட்டுமானமா என்ற கேள்வி எழத்தான் செய்யும். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்த பிறகு என் எண்ணம் மாறியது. இங்கே வைத்திருப்பது புத்தகங்களை அல்ல, ஒருவர் படித்த அளவை. ஷிபா ஒரு நாவலுக்குத் தயாராகிறார் என்றால் டோக்கியோவின் ஜிம்போச்சோ பழைய புத்தகக் கடைகளில் அந்தப் பொருள் பற்றிய நூல்கள் ஒன்றுகூட மிஞ்சாது, லாரியில் ஏற்றி ஒசாகாவுக்குப் போய்விடும் என்று ஒரு கதை வழங்குகிறது. கதையில் மிகை இருக்கலாம். இந்த அலமாரியின் முன்னால் நிற்கும்போது மிகை அதிகம் இருப்பதாகத் தோன்றவில்லை.

இத்தனை நூல்களை ஒருவர் ஏன் படித்தார் என்பதற்கு விடை அவருடைய வாழ்க்கையில் இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளாமல் போனால் இந்த நினைவகம் ஓர் அழகிய கட்டடம் மட்டுமே.

ஷிபாவின் இயற்பெயர் ஃபுக்குதா தெய்இச்சி. 1923 ஆகஸ்ட் 7ஆம் தேதி ஒசாகாவில் ஒரு மருந்துக்கடைக்காரரின் மகனாகப் பிறந்தார். குழந்தையில் நோஞ்சானாக இருந்ததால் நாரா மாநிலத்தில் தாய்வழி ஊரில் சில காலம் வளர்ந்தார். பள்ளிப் படிப்பில் சிறந்தவரல்லர். நகராட்சி நூலகத்தில் கண்டதையும் படித்துத் தீர்த்தவர். ஒசாகா அயல்மொழிப் பள்ளியில் அவர் தேர்ந்த பாடம் மங்கோலிய மொழி. சீனப் பேரரசின் விளிம்பில் வாழ்ந்த நாடோடி மக்கள்மேல் அவருக்குச் சிறுவயதிலேயே ஈர்ப்பு இருந்தது. அந்த ஈர்ப்பு கடைசிவரை போகவில்லை என்பதற்கு, பல ஆண்டுகள் கழித்து அவர் எழுதிய கடைசி நாவல் மஞ்சூரியர் சீனத்தைக் கைப்பற்றிய காலத்தைப் பற்றியதாக அமைந்ததே சான்று.

1943இல் கலைப் படிப்பு மாணவர்களுக்கு இருந்த படைச்சேவைத் தள்ளிவைப்பை அரசு நீக்கியது. ஷிபா படிப்பை முடிப்பதற்குள் படைக்கு அனுப்பப்பட்டார். அவருக்கு வாய்த்தது டாங்கிப் படை. மஞ்சூரியாவின் சிப்பிங்கில் இருந்த டாங்கிப் பள்ளியில் பயிற்சி பெற்று, எல்லையை ஒட்டிய முதண்சியாங்கில் இருந்த படைப்பிரிவில் சேர்ந்தார். 1945இல் தாய்நாட்டைக் காப்பதற்காக அந்தப் பிரிவை ஜப்பானுக்குத் திருப்பிக் கொண்டுவந்து, டோக்கியோவுக்கு வடக்கே தொச்சிகி மாநிலத்தின் சானோ என்ற ஊரில் நிறுத்தினார்கள். கவச உறுதி குறைந்த டாங்கிகளைப் பற்றி அவர் பின்னாளில் கசப்போடு திரும்பத் திரும்ப எழுதினார். பழைய டாங்கியின் கவசத்தில் அரத்தை வைத்துத் தேய்த்தால் அது வழுக்கும், போரின் கடைசியில் வந்த புது டாங்கியின் தகட்டிலோ அரம் பதிந்து கீறியது என்று அவர் சொன்ன செய்தி, போர்க்காலப் பேரரசைப் பற்றி எழுதப்பட்ட பல ஆய்வுகளைவிட மனத்தில் தைக்கிறது.

சானோவில் நடந்ததாக அவர் சொல்லும் இன்னொரு நிகழ்ச்சி இதைவிடப் பெயர்பெற்றது. எதிரி கரையிறங்கினால் டாங்கிகள் தெற்கே கடற்கரை நோக்கிப் போக வேண்டும். அதே சாலையில் டோக்கியோவிலிருந்து தப்பியோடும் மக்கள் வண்டிகளும் மூட்டைகளுமாக வடக்கே வருவார்கள். அப்போது என்ன செய்வது என்று ஒருவர் கேட்டபோது, தலைமையகத்திலிருந்து வந்திருந்த அதிகாரி, ஏற்றிக் கொன்றுவிட்டுப் போங்கள் என்றாராம். அந்தப் பேச்சு அப்படியே நடந்ததா என்று ஐயம் எழுப்பியவர்களும் உண்டு. நடந்ததோ இல்லையோ, மக்களைக் காப்பதற்கென்று சொல்லப்பட்ட படை அந்த மக்கள் மீதே ஏறிப் போகத் துணியும் நாடாக ஜப்பான் எப்போது மாறியது, முன்பும் இப்படித்தான் இருந்ததா என்ற கேள்வி 22 வயது அதிகாரியிடம் தங்கிவிட்டது. தம் நாவல்களெல்லாம் அந்த 22 வயது இளைஞனுக்கு எழுதிய கடிதங்கள் போன்றவை என்று முதுமையில் ஷிபா சொன்னார். அந்த 11 மீட்டர் அலமாரியை அந்தக் கடிதங்களுக்கான முன்தயாரிப்பு என்று பார்க்கத் தொடங்கிய பிறகுதான், தொட முடியாத புத்தகங்கள் எனக்கு உறுத்தாமல் போயின.

போருக்குப் பிறகு, எரிந்துபோன ஒசாகாவின் சுருஹாஷியில் மின்கம்பத்தில் ஒட்டியிருந்த ஆள்தேவை அறிவிப்பைப் பார்த்து ஒரு சின்னச் செய்தித்தாளில் வேலைக்குச் சேர்ந்தார். சிறு பத்திரிகைகள் மூடப்பட, 1948இல் சான்கேய் நாளிதழுக்கு வந்தார். கியோத்தோ அலுவலகத்தில் அவருக்குக் கொடுத்த பொறுப்பு கோயில்களும் பல்கலைக்கழகமும். செய்தி அதிகம் வராத அந்த இடங்களில் துறவிகளோடு பேசியும் நூலகங்களில் படித்தும் கழித்த ஆண்டுகள் பின்னாளில் பௌத்த ஞானி கூக்காயைப் பற்றிய நூலாக விளைந்தன. 1950 ஜூலையில் கியோத்தோவின் பொற்கோயிலான கின்காக்குஜி எரிந்தபோது அதைச் செய்தியாக்க ஓடியவர்களில் அவரும் ஒருவர்.

புனைபெயர் 1956இல் வந்தது. பாரசீக மாயக்காரன் ஒருவனைப் பற்றிய சிறுகதையை ஒரு கதை இதழின் பரிசுப் போட்டிக்கு அனுப்பும்போதே அந்தப் பெயரை வைத்துக்கொண்டார். சீன வரலாற்றாசிரியர் சிமா சியானின் குடும்பப்பெயரை ஜப்பானியர் ‘ஷிபா’ என்று படிப்பார்கள். அடுத்து வரும் எழுத்து ‘தொலைவு’ என்று பொருள்படும். சிமா சியானுக்கு வெகுதொலைவில் நிற்கும் ஒரு ஜப்பானியன் என்பதே பெயரின் பொருள். அடக்கமும் பேராசையும் ஒரே பெயருக்குள் இருக்கின்றன. நிஞ்சாக்களைப் பற்றிய ‘ஆந்தைகளின் கோட்டை’ என்ற நாவலை ஒரு பௌத்த சமயச் செய்தித்தாளில் தொடராக எழுதினார். அதற்கு 1960 ஜனவரியில் ஜப்பானின் பெயர்பெற்ற இலக்கியப் பரிசான நவோக்கி பரிசு கிடைத்தது. அடுத்த ஆண்டு நாளிதழ் வேலையை விட்டார்.

1962 ஜூன் முதல் 1966 மே வரை சான்கேய் நாளிதழில் வந்த ‘ரியோமா செல்கிறான்’ அவரை வீடுதோறும் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஜப்பானுக்குள் இருந்த தோசா சிற்றரசின் கீழ்நிலை சாமுராய் குடும்பத்தில் பிறந்து, ஒன்றையொன்று வெறுத்த சத்சுமா, சோஷூ என்ற இரண்டு சிற்றரசுகளை 1866இல் கைகோக்க வைத்து, அடுத்த ஆண்டே கியோத்தோவில் வெட்டுண்டு இறந்த சாகாமோத்தோ ரியோமா இன்று ஜப்பானியர் மிக விரும்பும் வரலாற்று மனிதர்களில் ஒருவர். அந்த விருப்பத்தில் பெரும்பகுதி இந்தத் தொடர்கதை தந்தது. நூலாக இரண்டு கோடிப் படிகளுக்கும் மேல் விற்றிருக்கிறது. பெயரின் முதல் எழுத்தை ஷிபா வரலாற்று ரியோமா எழுதிய பழைய வடிவில் எழுதாமல் எளிய வடிவில் எழுதினார். இது என் ரியோமா, வரலாற்று ரியோமா அல்லர் என்று காட்டுவதற்கே என்று படிப்பவர்கள் சொல்வார்கள். ஆனால் வாசகர்கள் அந்த வேற்றுமையைக் கவனிக்கவில்லை. நாள்தோறும் தொடர்கதைக்குக் காத்திருக்கும் வாசகனுக்கு எழுத்துவடிவ நுணுக்கமெல்லாம் எப்போது கண்ணில் பட்டிருக்கிறது?

அவருடைய எழுத்துமுறையைப் பற்றி இங்கே ஒரு சொல் சொல்ல வேண்டும், ஏனென்றால் கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் கையெழுத்துப் படிகளைப் பார்க்கும்போது அது உதவும். உயர்ந்த கட்டடத்தின் மேல்தளத்திலிருந்து கீழே நடமாடும் மனிதர்களைப் பார்ப்பது போலத் தாம் வரலாற்று மனிதர்களைப் பார்ப்பதாக அவர் எழுதினார். நடந்து போகிறவனுக்கு அடுத்த தெருமுனையில் காத்திருப்பது தெரியாது. மேலே நிற்பவருக்குத் தெரியும். அவர் நாவல்களின் பெருமையும் குறையும் இரண்டும் இந்த இடத்திலிருந்தே வருகின்றன. கதை ஓடிக்கொண்டிருக்கும்போதே, இது கதைக்கு வேண்டாத செய்திதான் என்று சொல்லிவிட்டு இரண்டு பக்கம் பிறிதொன்றைப் பேசுவார். பாத்திரத்தின் பேரன் இன்று எங்கே வேலை பார்க்கிறான் என்பதுகூட வரும். கதைக்கலை விதிகளின்படி இது பிழை. ஷிபாவிடம் அந்த விலகல்களுக்காகவே படிக்கிறவர்கள் ஏராளம். நானும் அவர்களோடு சேர்ந்தவன். கையெழுத்துப் படிகளைப் பாருங்கள். கறுப்பு மையில் எழுதிய வரிகளை அடித்து, பல நிற வண்ணப் பென்சில்களால் பலூன் பலூனாக வரைந்து, ஓரத்தில் புதிய வாக்கியங்களைச் சேர்த்து, அந்தச் சேர்ப்புக்குள் மேலும் ஒரு சேர்ப்பு. முதல் பார்வைக்குச் சிறுவனின் ஓவிய ஏடு. பேச்சுப்போக்கில் வந்தது போன்ற அந்த விலகல்கள் இத்தனை நிறங்களுக்குப் பிறகு வந்தவை என்பதை இந்தத் தாள்களே காட்டுகின்றன.

1968 ஏப்ரல் முதல் 1972 ஆகஸ்ட் வரை வந்த ‘மேட்டின் மேல் மேகம்’ அவருடைய மிகப் பெரிய நாவல்களில் ஒன்று, மிக அதிகம் வாதாடப்பட்ட நாவலும்கூட. மத்சுயாமா ஊரிலிருந்து வந்த மூவர்: குதிரைப்படையை வளர்த்த அக்கியாமா யோஷிஃபுரு, கடற்படைத் திட்டங்களை வகுத்த அவர் தம்பி சானேயுக்கி, ஹைக்கூ கவிதையைப் புதுப்பித்து இளவயதிலேயே இறந்த மசவோக்கா ஷிக்கி. மேட்டின் உச்சியில் தெரியும் ஒரு மேகத்தை மட்டுமே பார்த்துக்கொண்டு ஏறுகிறவர்களாக மெய்ஜி காலத்து (1868–1912) இளைஞர்களை வரைந்த நாவல், 1904–05 ரஷ்ய-ஜப்பானியப் போரில் போய் முடிகிறது. மெய்ஜி நல்ல காலம், அதன் பிறகு வந்த ஷோவா காலத்தின் (1926–1989) முற்பகுதி நாடு தடம்புரண்ட காலம் என்ற பிரிப்பு அதிலிருந்துதான் பரவியது. வரலாற்றாசிரியர்கள் இதை ஏற்பதில்லை. கொரியாவின் மீதான ஆக்கிரமிப்பு மெய்ஜியிலேயே தொடங்கிவிட்டது, ஷோவாவின் விதைகள் அங்கேயே கிடந்தன என்பது அவர்கள் வாதம். ஆர்தர் துறைமுகத்தை முற்றுகையிட்ட தளபதி நோகி மாரெசுக்கேயைத் திறமையற்றவராக அவர் காட்டியது நேர்மையற்றது என்று படைவரலாறு அறிந்தவர்கள் இன்றும் மறுத்து எழுதுகிறார்கள். என் கருத்தில் முதல் வாதம் வலுவானது. மேல்தளத்திலிருந்து பார்க்கிறவருக்கு மேடு தெரிகிறது, மேட்டின் மறுபுறத்தில் மிதிபட்டவர்கள் தெரியவில்லை. ஆனால் இதையெல்லாம் நினைவகத்தில் தேடக் கூடாது. ஒருவருடைய வீட்டுக்குப் போகும் விருந்தாளி அவரைப் பற்றிய வழக்கை வெளியிலிருந்துதான் கொண்டு வர வேண்டும்.

இங்கே ஒரு செய்தி சொல்ல வேண்டும். போரைப் புகழும் படைப்பாக மாறிவிடும் என்று அஞ்சி, அந்த நாவலைப் படமாக்கத் தம் வாழ்நாள் முழுதும் ஷிபா இசையவில்லை. அவர் இறந்த பிறகே, 2009 முதல் 2011 வரை, ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்.எச்.கே. அதை நாடகத் தொடராக்கியது. வாசகர்கள் தம் நாவலை எப்படித் தவறாகப் படிக்கக்கூடும் என்பதை விமர்சகர்களைவிட அவர் நன்றாக அறிந்திருந்தார் போலும்.

எழுதாத நாவலும் ஒன்று உண்டு. 1939இல் மங்கோலிய எல்லையில் சோவியத் படைகளிடம் ஜப்பானியப் படை பேரிழப்போடு தோற்ற நோமோன்ஹான் போரைப் பற்றி அவர் நெடுங்காலம் நூல்களும் ஆவணங்களும் சேர்த்தார். உயிர்பிழைத்து வந்த அதிகாரிகளைச் சந்தித்துப் பேசினார். மங்கோலிய மொழி படித்தவர், டாங்கிப் படையில் இருந்தவர், ஷோவா ஏன் தடம்புரண்டது என்று கேட்டவர். இந்த மூன்றும் சேர்ந்த ஒருவர் எழுதியே ஆக வேண்டிய நாவல் அது என்று யாரும் சொல்வார்கள். எழுதவில்லை. வெகுதொலைவில் உள்ள மனிதர்களை மேலிருந்து பார்க்க முடிந்தவருக்குத் தாம் நின்ற தெருவை அப்படிப் பார்க்க முடியவில்லை என்று நான் எடுத்துக்கொள்கிறேன். 22 வயது இளைஞனின் கேள்விக்கு நேர்விடை சொல்லியிருக்க வேண்டிய நூல் இந்த அலமாரியில் இல்லை. அவர் பெயரில் இருக்கும் எல்லா நூல்களையும்விட அந்த ஒன்றின் இன்மைதான் எனக்கு அதிகம் பேசியது.

நாவல்களை நிறுத்திய பிறகும் கட்டுரைகளை எழுதினார். 1971இல் ‘ஷூக்கான் அசாஹி’ வார இதழில் தொடங்கி, பிவா ஏரியின் மேற்குக் கரையில் முதல் அடி வைத்த பயணத் தொடர், மங்கோலியா, அயர்லாந்து, நெதர்லாந்து, தாய்வான் என்று சுற்றி, 25 ஆண்டு ஓடி, 43 தொகுதிகளாகி, அவர் சாவோடு பாதியில் நின்றது. 1993இல் பண்பாட்டு விருது பெற்றார். 1996 பிப்ரவரி 12ஆம் தேதி வயிற்றுப் பெருநாடி வெடித்து ஒசாகா மருத்துவமனையில் இறந்தபோது வயது 72. அந்த நாளை ‘நானோஹானா’ நினைவுநாள் என்கிறார்கள். மஞ்சள் கடுகுப்பூ போன்ற அந்தப் பூ அவருக்குப் பிடித்தது. பிப்ரவரியில் போனால் நினைவகத்திலும் அக்கம்பக்கத்து வீடுகளின் முன்னும் தொட்டி தொட்டியாக அந்த மஞ்சள் பூத்திருக்கும். குளிரைத் தாங்குவீர்கள் என்றால் அதுவே ஏற்ற பருவம்.

வேடிக்கையான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கூரைக் கான்கிரீட்டில் ஒரு கறை இருக்கிறது. கட்டி முடித்துச் சில ஆண்டுகள் கழித்துத் தெரியவந்ததாம். சற்றுக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் பழைய ஒளிப்படத்தில் நிற்கும் சாகாமோத்தோ ரியோமாவைப் போல இருக்கிறது. அலமாரியை அண்ணாந்து பார்க்க வந்தவர்கள் இப்போது அதையும் தேடி அண்ணாந்து பார்க்கிறார்கள். கான்கிரீட் கறையை வரலாற்று நாயகனாக்குவது வாசகர்களுக்குத் தெரிந்த கலைதான். அவர்களுக்கு அதைக் கற்றுக்கொடுத்தவர் யார் என்பதையும் சொல்ல வேண்டியதில்லை.

போகிறவர்களுக்குச் சில நடைமுறைச் செய்திகள். திங்கட்கிழமை விடுமுறை. எழுத்தறைச் சன்னலுக்கு ஒரு கால்மணி, அலமாரி அறையில் அரைமணி, கையெழுத்துப் படிகளுக்கும் அவ்வப்போது மாறும் சிறுகண்காட்சிக்கும் ஒரு மணி என்று வைத்தால் இரண்டு மணி நேரம் தாராளமாகப் போதும். சிற்றுண்டிக்கூடம் உண்டு, அதன் சன்னல் தோட்டத்தைப் பார்த்தபடி இருப்பதால் காபிக்காக இல்லாவிட்டாலும் சற்று உட்காரலாம். ஜப்பானிய எழுத்து படிக்கத் தெரியாதவர் எதையும் படிக்காமல் போனால் பாதி இழப்பார். தமிழில் ஷிபாவைப் படிக்க நமக்கு வழியில்லாவிட்டாலும் ஆங்கிலத்தில் ‘மேட்டின் மேல் மேகம்’ நான்கு தொகுதிகளாக இருக்கிறது. அத்தனை நேரம் இல்லாதவர் ஜப்பானை ஆண்ட படைத்தலைவர்களான ஷோகுன்களில் கடைசியானவர் தோக்குகாவா யோஷினோபுவைப் பற்றிய மெல்லிய நாவலின் மொழிபெயர்ப்பை மட்டுமாவது முடித்துவிட்டுப் போகலாம். அதிகாரத்தைக் கைவிடுவதில் தேர்ந்த ஒரு மனிதனின் கதை அது. விலகல்கள் எல்லாம் அளவோடு இருக்கும். அந்த நான்கு தொகுதிகளும் பிடித்துப்போனவர்கள் ஷிக்கோக்கு தீவுக்கும் போகலாம். மத்சுயாமாவில் அந்த ஒரே நாவலுக்கென்று 2007இல் திறந்த அருங்காட்சியகமும் ஆண்டோவின் வடிவமைப்புதான். இரண்டில் ஒன்றே முடியும் என்பவர்களுக்கு என் பரிந்துரை ஹிகாஷி ஒசாகா. அங்கே நாவல் இருக்கிறது, இங்கே நாவலாசிரியர் இருக்கிறார்.

தொடக்கப்பள்ளி ஆறாம் வகுப்புப் பாடநூலுக்காக 1989இல் அவர் எழுதிய ‘21ஆம் நூற்றாண்டில் வாழப்போகும் உங்களுக்கு’ என்ற கட்டுரைக்கும் நினைவகத்தில் இடம் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு எதிர்காலம் இல்லை, இருபத்தொன்றாம் நூற்றாண்டை நான் பார்க்கப்போவதில்லை என்று முற்பகுதியிலேயே குழந்தைகளிடம் வெளிப்படையாகச் சொல்கிறவர், அதன் பிறகு இரக்கத்தைப் பற்றிப் பேசும்போது அது பிறவியில் வருவதன்று, பயிற்சியால் வருவது என்கிறார். தோழன் விழுந்தால் அவனுக்கு வலித்திருக்குமே என்று ஒவ்வொரு முறையும் நினைத்துப் பழக வேண்டும் என்று ஆசிரியரைப் போலக் கைப்பிடித்துச் சொல்கிறார். ஒரு நாவலை எழுதும் உழைப்பு இதற்குத் தேவைப்பட்டது என்றாராம். மூலமும் ஆங்கிலமும் எதிரெதிர்ப் பக்கங்களில் அச்சான சிறு பதிப்பு ஒன்று இருக்கிறது. தேடி வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். யாயெனோசாத்தோவில் ஏறினால் சாதாரண வண்டி நம்பா போய்ச் சேர்வதற்குள் படித்து முடித்துவிடலாம், அத்தனை சிறியது.